பின்வரிசைப் பல்

முயலை எலியோடு சேர்த்து எழுதிவைத்த மனுஷன் எந்தச் சீமைக்காரனோ தெரியாது. ஆனால் அவன் ஒரு நாளும் முயல் தலையைச் சுட்டுத் தின்றதில்லை என்று பேயாண்டி அடித்துச் சொல்வான். தின்றிருந்தால் மேல்தாடையைச் சப்பியிருப்பான். சப்பியிருந்தால், உளி மாதிரி நிற்கிற முன்பல் இரண்டுக்கும் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கிற குட்டிப் பல் இரண்டும் நாக்கில் குத்தியிருக்கும். எந்த எலிக்கு ஐயா இருக்கிறது பின்வரிசைப் பல்?

இப்படிப் பேசுவதால் பேயாண்டியைப் பண்டிதன் என்று எண்ணிவிட வேண்டாம். மதுரையில் ஒரு கல்லூரியின் விலங்கியல் கூடத்தில் அவன் அட்டெண்டர். தவளை பிடித்து வருவது, எலும்புக்கூடுகளைத் தூசி தட்டுவது, பையன்கள் அறுத்துப் போட்டதைக் கழுவிக் கொட்டுவது, இதுதான் உத்தியோகம். எழுமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில் பிறந்து, சின்ன வயதிலேயே மாமனோடு பருத்தி வண்டியில் ஏறி ஆரப்பாளையத்தில் வந்து இறங்கியவன். இப்போது செல்லூரில் ஒரு சந்தில் குடியிருப்பு. பெண்டாட்டி அன்னக்கொடி தறிக்காரர் வீடுகளுக்கு நூல் சுற்றிக் கொடுத்தாள்.

முயல் தலை அவன் வீட்டுக்குப் பழகிய சங்கதிதான். ஊர் வேட்டையில் எந்த நாய் முயலைக் கவ்வியதோ அந்த நாய்க்காரன் வீட்டுக்குத் தலை. அதோடு, நாய் கவ்விய முதல் முயலின் மேல்தாடைத் துண்டில் துளை போட்டு, செம்புக் கம்பியில் கோத்து, அதே நாயின் கழுத்தில் கட்டுவது அவர்கள் வீட்டு வழக்கம். ஆனாலும் அந்தக் குட்டிப் பல்லுக்கு இம்புட்டு மதிப்பு உண்டு என்று அவனுக்குச் சொன்னவர் ஜனகராஜ் சார்.

ஜனகராஜ் அங்கே விரிவுரையாளர். சௌராஷ்டிரர், செல்லூர்க்காரர்தான். வீடு நிறையத் தறி, வீட்டில் முதல் பட்டதாரி அவர். கறியை வாயில் வைக்காத மனுஷர், எலும்பைத் தொட்ட நாளெல்லாம் கொல்லைப்புறமாகப் போய்க் குளித்துவிட்டுத்தான் அம்மா முகத்தில் விழிக்கலாம். அப்படிப்பட்டவருக்கு முயல் எலும்பு மேல் அப்படி ஒரு பைத்தியம்.

கூடத்தில் ஒரு கண்ணாடி பீரோ உண்டு. அதன் அடித்தட்டில் ‘கொறிப்பன’ என்று சீட்டு ஒட்டி எலி, அணில், முள்ளம்பன்றி, முயல் நாலின் எலும்புக்கூடும் நிற்கும். பேயாண்டி தூசி தட்டும்போதெல்லாம் முயலை மட்டும் தூக்கிக் காலியாகக் கிடந்த மேல்தட்டில் வைத்துவிடுவான். பெரிய புரொபசர் வந்து பார்த்துவிட்டுத் திரும்ப அடித்தட்டுக்கு இறக்குவார். மறுநாள் முயல் மறுபடி மேலே.

“ஏய்யா, அவர்கிட்ட ஏன் வம்பு?” என்று ஜனகராஜ் ஒரு நாள் சிரித்துக்கொண்டே கேட்டார்.

“நீங்கதான சார் கிளாஸ்ல சொன்னீங்க, அது எலி இல்லேன்னு? வாசல்ல நின்னு கேட்டேன்.”

அன்றைக்கு அவர் அவனை உட்காரவைத்து முழுக் கதையும் சொன்னார். முன்பல் நிற்காமல் வளர்கிறது, கொறித்துத் தின்கிறது, அதனால் முயல் எலிக்குப் பங்காளி என்று நூறு வருஷத்துக்கு மேலாகப் புத்தகங்கள் சாதித்துவிட்டன. பின்பல்லைப் பார்த்தவர்களும், சரி, இது இரட்டைப் பல் எலி என்று ஒரு கிளையை ஒட்டிவைத்து வேலையை முடித்துக்கொண்டார்கள். பிறகு பூமிக்குள்ளிருந்து சாட்சி வந்தது. அமெரிக்காவின் வறண்ட மண்மேடுகளிலும் மங்கோலியாப் பாலைவனத்திலும் கல்லாகிப்போன தாடைகள் கிடைத்தன. மூன்று கோடி வருஷத்துக்கு முந்தைய முயல்கள். பின்னங்கால் இவ்வளவு நீளமில்லை, இப்போதுபோலத் தாவியிருக்காது. அதன் சொந்தக்காரர்களில் எத்தனையோ வகை பூண்டோடு போய்விட்டன. குட்டைக் காதும் இல்லாத வாலுமாக ஒரு பங்காளி மட்டும் இமயமலைப் பாறை இடுக்கில் இன்னமும் பிழைத்துக் கிடக்கிறது. நம் சென்னை ராஜதானியிலேயே கர்னூல் பக்கத்துக் குகைகளில் பழைய எலும்புகளோடு முயல் எலும்பும் அகப்பட்டிருக்கிறது.

“எவ்வளவு ஆழம் தோண்டினாலும் அந்தப் பின்வரிசைப் பல் இருக்குய்யா. முயல் எலியா இருந்த காலம்னு ஒண்ணு யாருக்கும் கெடைக்கல. இருபது வருஷம் முன்னால அமெரிக்காவுல ஒருத்தர் தைரியமா எழுதிட்டார், இது தனி இனம், பட்டியலத் திருத்துங்கன்னு. நம்ம பெரியவர்தான் இன்னும் திருத்தல.”

பேயாண்டி பீரோவைத் திரும்பிப் பார்த்தான். “அப்ப அம்புட்டு வருஷமா முயல் மேல பொய் வழக்கா சார்?” என்றான்.

அவன் ஏன் அப்படிக் கேட்டான் என்று ஜனகராஜுக்குத் தெரியும். பேயாண்டியின் ஊரில் அவன் சனத்தையே பிறவிக் குற்றவாளிகள் என்று சர்க்கார் எழுதி வைத்திருந்தது. ஒருவன் திருடினானா இல்லையா என்ற கேள்வியே கிடையாது. பிறந்தான், அதனால் குற்றவாளி. வயது வந்த ஆண்பிள்ளை விரலில் மை தடவி ரேகை வைக்க வேண்டும், பொழுது சாய்ந்தால் ஸ்டேஷன் கொட்டகையில் போய்ப் படுக்க வேண்டும், வெளியூர் போகச் சீட்டு வாங்க வேண்டும். ஊர்க்காரர்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். பேயாண்டியின் அண்ணன் தவசி கல்யாணமான ராத்திரியும் கொட்டகையில்தான் படுத்தான். பட்டணத்துக்கு ஓடிவந்துவிட்டதால் பேயாண்டி பேர் மட்டும் எழுதப்படாமல் தப்பியிருந்தது.

தப்பியது நீடிக்கவில்லை. ஒரு மாசி மாதத்தில் தவசி சீட்டு வாங்கிக்கொண்டு செல்லூருக்கு வந்து சேர்ந்தான். தண்ணீர்கூடக் குடிக்காமல் விஷயத்தைச் சொன்னான்.

“தம்பி, ஒம் பேரையும் எழுதிட்டாய்ங்கடா. ஊர்ல பொறந்தவன் எங்க இருந்தாலும் எழுதணுமாம். பங்குனிக்குள்ள வந்து ரேகை வைக்கலேன்னா என்னைத்தான் போட்டு மிதிப்பாய்ங்க.”

“வெரல மட்டுமா கேக்குறாய்ங்க?” என்று அன்னக்கொடி நூலை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். “பொழுது விழுந்தா அங்கன போயிப் படுக்கணும்ல? எழுமலையில படுத்து எந்திரிச்சு இவுக எப்பிடிக் காலேசுக்கு வாரது? வேலையும் போச்சு, குடித்தனமும் போச்சு.” பிறகு புருஷனைப் பார்த்தாள். “வெரலக் குடுத்துட்டு வந்தீகன்னா, அந்தக் கையால போட்ட சோத்த நான் திங்க மாட்டேன்.”

பேயாண்டி அண்ணனோடு ஊருக்குப் போனான். சப்-இன்ஸ்பெக்டர் கத்தவில்லை, அடிக்கவில்லை. அதுதான் பேயாண்டிக்கு இன்னும் எரிச்சல். “நான் என்னப்பா செய்யறது, சட்டம் மேலேயிருந்து வந்தது” என்று வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே சொன்னார். “பெரிய துரை யாராவது உனக்காக மேலிடத்துக்கு எழுதினால் பேரை எடுக்கலாம். இல்லாவிட்டால் பங்குனி முடிவதற்குள் வந்து வை.”

கோபத்தில் அவன் ரோட்டு வழியாகப் போகாமல் ஓடை வழியாக நடந்தான். மழை அறுத்துவிட்ட கரையிலிருந்து ஒரு வெள்ளைக் கட்டி சரிந்து கிடந்தது. அதை ஆத்திரத்தோடு ஓர் உதை விட்டான். புரண்டு விழுந்த கட்டியில் பழுப்பாக இரண்டு பல் தெரிந்தது. குனிந்து எச்சிலைத் தொட்டுத் துடைத்தான். பின்னால், மண்ணுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தமாதிரி, குட்டியாக இன்னும் இரண்டு. சுற்றிலும் கல். சுத்தமான கல்.

ஜனகராஜ் சார் சொன்ன, கல்லாகிப்போன தாடை. துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, பஸ்ஸில் மடியைவிட்டு இறக்காமல் மதுரைக்குக் கொண்டுவந்து ஜனகராஜ் மேஜைமேல் வைத்தான்.

ஜனகராஜ் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். “கல்லைக் கரைச்சுப் பார்த்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்” என்று நாலு தடவை சொன்னார். அப்படிச் சொல்லிக்கொண்டே பிரின்சிபால் துரையிடம் ஓடினார். துரை வந்து பார்த்தார். ஜனகராஜ் பேயாண்டியின் வழக்கையும் சேர்த்துச் சொல்லியிருந்தார். “நன்றாகச் சுத்தம் செய்யுங்கள். பழைய முயலாக இருந்தால் கல்கத்தா மியூசியத்துக்கு அனுப்பலாம். கண்டெடுத்தவன் பேரைப் போட்டு மேலதிகாரிக்கு நானே எழுதுகிறேன். அப்படிப்பட்டவன் விரலில் யார் மை தடவுவார்கள்?” என்றார் துரை.

அன்று வீட்டுக்குப் போன பேயாண்டி, பூமிக்கடியிலிருந்து முயல் தனக்குச் சாட்சி சொல்ல வந்திருக்கிறது என்று அன்னக்கொடியிடம் சொன்னான். அவள் நம்பினாளோ இல்லையோ, அவன் நம்பினான். முயல்களுக்காக மூன்று கோடி வருஷத்துக் கல் வந்து பேசியது, தனக்காக ஒரு கல் பேசக் கூடாதா?

கல்லைக் கரைக்கும் வேலை அவனுக்கே கிடைத்தது. திராவகத்தைத் தண்ணீரில் கலந்து சொட்டுச் சொட்டாக விட்டான். நுரைத்துப் பொங்கியது, கழுவினான், மறுபடி விட்டான். கூடத்தில் வேறு யாரும் இல்லை. நுரை அடங்கிய ஓர் இடத்தில் பச்சையாக ஒரு கறை தெரிந்தது. பாசி என்று நினைத்துத் தேய்த்தான். கறைக்கு அடியில் ஒரு துளை. துளைக்குள் ஒரு கம்பி.

செம்புக் கம்பி. இடப்பக்கமாக முறுக்கிய கம்பி. அவன் அப்பனுக்கு இடக்கைப் பழக்கம்.

அப்போதுதான் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. சடையன் என்று ஒரு வேட்டை நாய். பாம்பு கடித்துச் செத்தது. அப்பன் அதை ஓடைக்கரையில் பாழடைந்த சுண்ணாம்புக் காளவாய்க்குப் பக்கத்தில் புதைத்தார். நரி தோண்டாமல் இருக்கக் காளவாய்ச் சுண்ணாம்பை வாரிக் குழி நிறையக் கொட்டினார். சின்னப் பையனாகப் பேயாண்டி கரையில் நின்று தேம்பித் தேம்பி அழுதான். அந்தச் சுண்ணாம்பு ஈரத்தில் நீறி, இறுகிக் கல்லாகி, வெள்ளம் கரையை அறுத்து நாயை எங்கேயோ கொண்டுபோய், கழுத்தில் கிடந்ததை மட்டும் அவன் காலடியில் போட்டிருக்கிறது. காளவாய் இருந்த தடமே இல்லாமல் உழுதுவிட்டார்கள், அவனுக்கு இடம் அடையாளம் தெரியவில்லை. உலகத்தில் வேறு யார் அந்தக் கல்லை எடுத்திருந்தாலும் இவ்வளவு பெரிய ஏமாற்றம் வந்திருக்காது. தன் வீட்டு நாயின் தாயத்தை மூன்று கோடி வருஷத்து முயல் என்று மடியில் வைத்துத் தூக்கிவந்த பைத்தியக்காரன் அவன் ஒருத்தன்தான்.

முதலில் சிரித்தான். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

ஜனகராஜ் வந்தார். பார்த்தார். முகம் செத்துவிட்டது. வெளியே யாரும் வருகிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்தார்.

“பேயாண்டி, கம்பிய எடுத்துடு. துளைய மெழுகு வச்சு அடைச்சிடலாம். கல்கத்தாவுல கண்டுபிடிக்கட்டுமே, அதுக்கு வருஷம் ஆகும். அதுக்குள்ள துரை கடுதாசி எழுதிடுவார், ஒம் பேரு நீங்கிடும்.”

அன்பில்தான் சொன்னார். பேயாண்டிக்கும் அது தெரியும். கம்பியின் முனையை விரலால் பிடித்துக்கூடப் பார்த்தான், ஓர் இழுப்பில் வந்துவிடும். ஊரில் அண்ணன் மிதிபடுவான். வீட்டில் அன்னக்கொடி சோறு தின்னாமல் கிடப்பாள். ஓர் இழுப்பு, ஒரு துளி மெழுகு, அவ்வளவுதான்.

விரலை எடுத்துவிட்டான்.

“நீங்களும் எழுதிட்டீங்களா சார் எம் பேர?” என்றான்.

“என்னய்யா?”

“கள்ளத்தனம் பண்ணுவான்னு அவய்ங்க எழுதி வச்சிருக்காய்ங்க. நான் பண்ணாதவன்னு காட்ட, கள்ளத்தனம் பண்ணச் சொல்றீங்க. அப்ப அவய்ங்க எழுதினது சரியாப் போச்சுல்ல?”

ஜனகராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு அவரே போய்த் துரையிடம் உண்மையைச் சொல்லிவிட்டு வந்தார். துரை வருத்தப்பட்டாராம். பிழைபட்ட கல்லுக்காகச் சர்க்காருக்குக் கடுதாசி எழுத முடியாது என்றாராம். கல் பிழைபட்டதென்றால் மனுஷன் என்ன செய்தான் என்று யாரும் கேட்கவில்லை. பேயாண்டி அந்தத் தாடைத் துண்டை ஜனகராஜிடமே கொடுத்துவிட்டு ஊருக்குக் கிளம்பினான். போகும்போது முயலைத் தூக்கி மேல்தட்டில் வைக்க மறக்கவில்லை.

ஸ்டேஷனில் மையும் காகிதமும் தயாராக இருந்தன. ரேகை வைக்க வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். தவசி ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பேயாண்டியின் முறை வந்தது. ஏட்டு அவன் கையைப் பிடித்தார். அவன் விரல்களை மடக்கிக்கொண்டான்.

“விரலை நீட்டுடா.”

“மாட்டேன்யா.”

சப்-இன்ஸ்பெக்டர் தலையைத் தூக்கினார். “துரை கடுதாசி எங்கே?”

“இல்லய்யா. எங்கிட்ட இருந்த சாட்சி பொய்யாப் போச்சு. அத நான் மறைக்கல.” பிறகு அவனுக்குக் குரல் தானாக உயர்ந்தது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “முயல எலிப் பட்டியல்ல தப்பா எழுதிப்புட்டாய்ங்கய்யா. அந்தத் தப்பத் திருத்த முயல் செத்து, மண்ணுக்குள்ள போயி, கல்லா வர வேண்டியிருந்துச்சு. நான் அம்புட்டு நாள் காத்திருக்க மாட்டேன். இந்தா, உசுரோட நிக்கிறேன். நான் என்ன களவாண்டேன்னு சொல்லுங்க, பத்து வெரலையும் வெட்டித் தாரேன். சொல்ல முடியலேன்னா ஒரு வெரலும் கெடையாது.”

சப்-இன்ஸ்பெக்டருக்கு முயலும் புரியவில்லை, எலியும் புரியவில்லை. மாட்டேன் என்றது மட்டும் புரிந்தது. சட்டத்தில் அதற்குத் தண்டனை இருந்தது. கோர்ட்டில் சில நிமிஷங்களில் வழக்கு முடிந்து பேயாண்டி ஜெயிலுக்குப் போனான். அங்கே நான்கு பேர் அமுக்கிப் பிடித்து, விரலைப் பிரித்து, மையில் தோய்த்து எடுத்துக்கொண்டார்கள்.

பார்க்க வந்த அன்னக்கொடி அவன் விரலில் மைக்கறையைப் பார்த்தாள். பேயாண்டி கையை மறைக்கவில்லை.

“அவய்ங்க எடுத்துக்கிட்டாய்ங்க புள்ள. நான் குடுக்கல.”

“தெரியும்” என்றாள். “வெளிய வாங்க. அந்தக் கையாலயே சோறு போடுங்க, திங்கிறேன்.”

வெளியே வந்தபோது கல்லூரி வேலை போயிருந்தது. செல்லூரில் ஒரு சாயப்பட்டறையில் சேர்ந்தான். கை எப்போதும் ஏதோ ஒரு நிறத்தில்தான் இருக்கும். ஊருக்கு வா என்று ஓலை வரும்போதெல்லாம் போக மாட்டான், பிடித்துக்கொண்டு போவார்கள். ரேகை வை என்றால் விரலை மடக்குவான், அமுக்கி எடுப்பார்கள். திரும்ப ஜெயில், திரும்பச் சாயப்பட்டறை. அடங்காப்பிடாரி என்று பேர் எடுத்தான். தம்பிக்காகச் சில அடிகள் தவசி முதுகில் விழுந்ததும் உண்மை. ஆனால் தவசி ஒரு நாளும் அவனைக் குறை சொல்லவில்லை. கொட்டகையில் படுத்திருப்பவர்களிடம், “எந்தம்பி வெரல் நீட்டாதவன்டா” என்று சொல்லிக்கொள்வானாம்.

நாற்பத்தேழாம் வருஷம், சுதந்திரம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், ஜனகராஜ் பட்டறைக்குத் தேடிக்கொண்டு வந்தார். தலை நரைத்திருந்தது. இப்போது அவர்தான் அங்கே பெரிய புரொபசர்.

“சட்டத்தை எடுத்துட்டாங்கய்யா! பட்டியல்லேருந்து ஒம் பேரும் போச்சு.”

பேயாண்டி சாயத் தொட்டியிலிருந்து கையை எடுக்கவே இல்லை. “நான் எப்ப சார் அதுல இருந்தேன்?” என்றான்.

ஜனகராஜ் சிரித்தார், கண் கலங்கியது. முயலும் இப்போது நிரந்தரமாக மேல்தட்டில்தான் இருக்கிறது, தனிச்சீட்டு ஒட்டியாயிற்று, புதுப் புத்தகங்களும் அப்படித்தான் சொல்கின்றன என்றார். கைக்குட்டையைப் பிரித்து அந்தத் தாடைத் துண்டை நீட்டினார். கம்பி அப்படியே இருந்தது. இத்தனை வருஷமும் முயலின் காலடியிலேயே அதை வைத்திருந்தாராம்.

பேயாண்டி அதை எடுத்துக்கொண்டு அன்னக்கொடியோடு ஊருக்குப் போனான். தவசியின் நாய் கழுத்தில் கட்டினான். அண்ணனும் தம்பியும் வாசலில் உட்கார்ந்து பழங்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். பொழுது சாய்ந்தது. அடுப்புப் புகை தெருவில் இறங்கியது. பேச்சின் நடுவிலேயே தவசி எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டு, மூலையில் சுருட்டிவைத்திருந்த பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடக்கத் தொடங்கினான். யாரும் கூப்பிடவில்லை, கால் தானாகப் போயிற்று.

பேயாண்டி ஓடிப்போய் வழியை மறித்தான். பாயைப் பிடுங்கினான். தவசிக்குச் சட்டென்று விளங்கவில்லை, பயந்துபோய் ஸ்டேஷன் திசையைப் பார்த்தான்.

“எங்கண்ணே போற?” என்றான் பேயாண்டி. பாயை அவர்கள் வீட்டு வாசலிலேயே உதறி விரித்தான். “இங்கன படு.”